ஓடைக்கரை ஊருக்குப் பெயர் வைத்தது யார்?

(நம் மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசித்துவிட்டார். கட்டட வேலை பற்றி டாக்டர் அம்மா சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரு நோயாளியின் சீட்டில் நானே என் கையால் தவறாக எழுதிய சொல் அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை காலையில் நம் ஓ.பி. எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சீட்டு எழுதுகிற தம்பிக்கு அன்று காய்ச்சல். காலை ஜெபத்தை முடித்துவிட்டு வந்த நான், "கொஞ்ச நேரம் நான் எழுதுகிறேன்" என்று அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். பெயர், வயது, கணவர் அல்லது தகப்பனார் பெயர், ஊர். நான்கு கேள்விதானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணி இருக்கும். வயதான ஒரு தாயார் தன் மருமகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மருமகளின் இடுப்பில் குழந்தை. மருமகளுக்கு மூன்று வாரத்துக்கு மேலாக இருமல். பெயரையும் வயதையும் எழுதிவிட்டு, "எந்த ஊர் பாட்டி?" என்றேன்.

"ஓடைக்கரை, சாமி."

"எந்த ஓடை?"

"எங்க ஓடைதான், சாமி."

பின்னால் நின்றவர்களில் ஒருவர், "பஸ்ஸுக்கு நேரமாகுது ஐயா" என்றார். நான் குரலை உயர்த்தி, "ஓடைக்குப் பேர் இல்லையா? ஊர் பேரைச் சொல்லுங்க பாட்டி!" என்றேன். அந்தத் தாயார் வாயை மூடிக்கொண்டார். ஓர் அடி பின்னால் போனார். மருமகளும் பின்னால் போனாள். நான் ஊர் என்ற கட்டத்தில் "மலை" என்று இரண்டே எழுத்து எழுதி, சீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவரை அழைத்தேன்.

சளிப் பரிசோதனையில் அந்தப் பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய்தான். பாதியில் விட்டாலோ, கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும். வீட்டில் உள்ள குழந்தைக்கும் தொற்றக்கூடும். ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த மாதம் முடிந்தது. அவர்கள் வரவில்லை.

நம் நர்ஸ் ஒருவரும் டிரைவரும் தேடிப் போனார்கள். கையில் இருந்த சீட்டில் ஊர் "மலை". இராஜபாளையத்துக்கு மேற்கிலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் மலை ஒரே மதில் போல நிற்கிறது. அடிவாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடியிருப்புகள். முதல் இடத்தில் விசாரித்தார்கள், இல்லை. இரண்டாம் இடத்தில் விசாரித்தார்கள், இல்லை. மாத்திரை நின்று ஏழாவது வாரத்தில், மூன்றாவது இடத்தில், அந்தப் பெண்ணைப் பாயில் படுத்தவளாகக் கண்டார்கள். எந்த இடம் என்று நான் சொல்லப் போவதில்லை. நோயாளியின் வீட்டைச் சபையில் சொல்வது முறையல்ல.

"ஏன் பாட்டி மாத்திரைக்கு வரலை?" என்று நர்ஸ் கேட்டதற்கு அந்தத் தாயார் சொன்ன பதில் இது: "சாமி கோபப்பட்டாருல்ல."

பிரியமானவர்களே, கர்த்தருடைய கிருபையினால் அந்த மகள் பிழைத்தாள். சிகிச்சையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. குழந்தையையும் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். ஆனால் அந்த ஏழு வாரங்களும் என் கணக்கில் எழுதப்பட்டவை. ஊர்ப் பெயரைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஈசாக்கு செய்த முதல் காரியம்

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு கேராரின் பள்ளத்தாக்கிலே கூடாரம் போட்டுத் தங்கியதை வாசிக்கிறோம். நாம் பள்ளத்தாக்கு என்று வாசிக்கிற இடத்தில் எபிரெய மூலத்தில் 'நாஹல்' என்ற சொல் இருக்கிறது. இறையியல் கல்லூரியில் எங்கள் எபிரெய ஆசிரியர் அதை விளக்கும்போது, மழைக்காலத்தில் வெள்ளம் புரண்டு ஓடி, கோடையில் வெறும் மணலாகக் கிடக்கிற நீர்த்தடத்துக்கு அந்தச் சொல் வரும் என்றார். எலியா தங்கியிருந்த கேரீத்துக்கும் அதே சொல்தான். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஓடை. ஆக, ஈசாக்கு ஓர் ஓடைக்கரைவாசி.

அங்கே அவர் செய்த முதல் காரியம் என்ன? தகப்பன் ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்டு, பிறகு பெலிஸ்தரால் தூர்க்கப்பட்டுக் கிடந்த துரவுகளை மறுபடியும் தோண்டினார். தோண்டியபின் அவற்றுக்குப் புதுப் பெயர் வைக்கவில்லை. தகப்பன் எந்தப் பெயரால் அழைத்தாரோ அந்தப் பெயரையே திரும்ப வைத்தார். தண்ணீரைத் திறந்தபோது பழைய பெயரையும் திறந்துவிட்டார் என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகுதான் புதுக் கிணறுகள். ஒன்றுக்காக மேய்ப்பர்கள் வாக்குவாதம் பண்ணினார்கள். அதற்கு ஏசேக்கு என்று பெயர். வாக்குவாதம் என்று அர்த்தம். அடுத்ததற்கும் சண்டை வந்தது. அது சித்னா, பகை. ஈசாக்கு சண்டைக்கு நிற்காமல் அப்பால் போனார். மூன்றாவது கிணற்றுக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பெயரிட்டார். இடம் உண்டாயிற்று என்று அர்த்தம். ஓடைக்கரையில் ஒரு ஜனத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த மூன்று பெயர்களே சொல்லிவிடுகின்றன.

நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள்

இனி நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் சுமார் 192 அடி உயரம். பதினொரு நிலை. தமிழக அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் இதுதான் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஊரின் பெயர் யாருடையது? தலபுராணம் சொல்லுகிறபடி, இந்தப் பகுதி காடாக இருந்த காலத்தில் வில்லி, கண்டன் என்ற வேடுவச் சகோதரர் இருவர் இருந்தார்கள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி கொன்றது. வில்லி காட்டைத் திருத்தி ஊரையும் கோயிலையும் உண்டாக்கினான். அவர்களுடைய தாயின் பெயர் மல்லி என்பார்கள். சிவகாசிப் பாதையில் மல்லி என்ற ஊர் இன்றும் இருக்கிறது. புராணத்தை அதைப் போற்றுகிறவர்களுக்கே விட்டுவிடுவோம். ஆனால் ஒரு செய்தி நமக்கும் உண்டு. இவ்வளவு பெரிய கோபுரம் நிற்கிற ஊர், ஒரு காட்டு மனிதனின் பெயரைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டிருக்கிறது.

வடக்கே வத்திராயிருப்பு. வற்றாத இருப்பு என்பதே அப்படித் திரிந்தது என்று ஊர்க்காரர்கள் விளக்கம் சொல்லுவார்கள். வேறு விளக்கம் சொல்லுகிறவர்களும் உண்டு. தண்ணீர் வற்றக்கூடாது என்கிற ஏக்கம் உள்ள ஜனங்கள்தான் ஒரு பெயருக்கு இப்படிப் பொருள் காண முடியும்.

மாவட்டப் பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். நம் தாத்தாக்களின் தாத்தா காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. 1985இல் காமராஜர் மாவட்டம். பிறகு விருதுநகர் மாவட்டம். காகிதத்தில் பெயர் இத்தனை முறை மாறியிருக்கிறது. ஓடைக்கரையில் இருக்கிறவர்கள் தங்கள் இடத்தை அழைத்த பெயரோ மாறவே இல்லை.

செண்பகத்தோப்பு

அப்படிப்பட்ட ஓர் ஓடைக்கரைதான் செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் மலையடிவாரம் வந்துவிடும். வழியெல்லாம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். யானை இறங்கி வந்து தென்னையை ஒடித்துவிட்டுப் போன செய்தியை அடிக்கடி பத்திரிகையில் படிக்கிறோமே, அந்த இடம்தான். மேலே மீன்வெட்டிப்பாறை அருவி. காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்களும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். அங்கே ஓடையை ஒட்டி மலைவாழ் மக்களாகிய பளியர்களின் சிறு குடியிருப்பு இருக்கிறது.

செண்பகத்தோப்பு என்றால் செண்பக மரங்கள் நிறைந்த தோப்பு. சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற அர்த்தம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. செண்பகம் இந்தக் கரிசலுக்கும் செவலுக்கும் உரிய மரமல்லவே. அது ஈரமான மலைக்காட்டு மரம். வேரில் ஈரமும் ஆழமான மண்ணும் இருந்தால்தான் நன்றாக வளரும். நம் பகுதியோ மலையின் மழைமறைவில் கிடக்கிறது. கேரளத்தில் கொட்டுகிற ஆனி, ஆடி மழை இங்கே சாரலோடு நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் நம்பி இருக்கிறோம். அப்படியிருக்க, இங்கே ஓர் இடத்துக்குச் செண்பகத்தின் பெயரை வைத்தார்கள் என்றால், அங்கே ஓடை ஓடியது, கரையில் ஈரம் நின்றது என்றுதான் அர்த்தம். பெயரில் இருப்பது பூ. பெயருக்குள் இருப்பது தண்ணீர்.

குற்றாலத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே செண்பகாதேவி அருவி இருக்கிறது. அங்கேயும் செண்பகமும் தண்ணீரும் சேர்ந்தே பெயராகியிருக்கின்றன.

நம் மலையடிவாரத்தில் மற்றக் குடியிருப்புகளின் பெயர்களும் இதே கதைதான். வத்திராயிருப்புப் பக்கம் அத்திகோயில் என்ற இடம். அத்தி மரமும் நீர்ப்பாங்கான இடத்தைத் தேடி நிற்கிற மரம். சதுரகிரி மலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற இடம் தாணிப்பாறை. தாணி என்பது தான்றி. திரிபலாவில் சேர்க்கிறோமே, அந்தத் தான்றிக்காய் மரத்தின் பெயரே அந்தப் பாறைக்கு வந்தது என்று கொள்ளலாம். ஒன்று வாசனைப் பூ, ஒன்று பழம், ஒன்று மருந்து. காட்டை நம்பி வாழ்ந்தவர்கள், தங்களை வாழவைத்ததன் பெயரையே தங்கள் இடத்துக்குக் கொடுத்தார்கள். எந்த இராஜாவின் பெயரும் இல்லை, எந்தத் துரையின் பெயரும் இல்லை. கல்வெட்டும் இல்லை. வாய்வழியாக வந்த பெயர்கள்.

ஓடைக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. 2015 மே மாதம் சதுரகிரியில் ஓடையில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் கால் நனையாமல் கடக்கிற ஓடை, மாலையில் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பிரசவ வலி கண்ட பெண்ணை ராத்திரியில் கரை சேர்க்க முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று மலையடிவாரத்து மனிதர்களிடம் கேளுங்கள், சொல்லுவார்கள்.

இந்த ஓடைக்கரைக் காடுகளின் அருமை அரசாங்கத்துக்கும் தெரிந்தது. கிளையோடு கிளை பின்னி நிற்கிற இப்படிப்பட்ட மரங்களில் வாழ்கிற சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் இங்கே சரணாலயம் அறிவித்தார்கள். 2021இல் இது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் இடம் குறிக்கப்பட்டது நல்லதுதான். வனத்தில் தலைமுறையாக வாழ்கிற மக்களின் உரிமையை அங்கீகரிக்க 2006இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின்படி உரிமை கேட்கிறவர் தாம் இன்ன இடத்தில் இருந்துவந்தவர் என்று காட்ட வேண்டும். அங்கேயும் முதல் கேள்வி அதேதான். எந்த ஊர்?

பின்வாங்குகிற ஜனம்

பளியர் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கும் பலர் பலவிதமாகச் சொல்லுகிறார்கள். பழனி மலையோடு சேர்த்துச் சொல்லுகிறவர்கள் உண்டு. பழையர், அதாவது ஆதியில் இருந்தவர்கள், என்று சொல்லுகிறவர்களும் உண்டு. தேனும் காட்டுவள்ளிக் கிழங்கும் எடுத்து, பாறைக் குடைவுகளிலும் ஓலைக் குடிசைகளிலும் வாழ்ந்து பழகிய ஜனம். 1960களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் பளியர்களோடு தங்கி ஆராய்ந்தார். அவர் முக்கியமாகக் குறித்தது, இந்த மக்கள் சண்டையைத் தவிர்க்கிறார்கள் என்பதை. ஒருவர் கோபப்பட்டால் எதிர்த்து நிற்பதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு விலகிப் போய்விடுவார்கள். மற்றவரை அதட்டுவதும் அடக்குவதும் அவர்களிடத்தில் மரியாதைக் குறைவு.

இதைப் படித்த அன்றுதான் அந்தத் திங்கட்கிழமை எனக்கு விளங்கிற்று. அந்தத் தாயார் ஓர் அடி பின்னால் போனாரே, அது பயமும் அல்ல, அறியாமையும் அல்ல. அது அவர்களுடைய நாகரிகம். ஏசேக்கிலும் சித்னாவிலும் ஈசாக்கு செய்ததைத்தான் அவர் செய்தார். நாம் ஈசாக்கைப் பற்றிப் பிரசங்கத்தில் புகழ்கிறோம். ஈசாக்கைப் போல ஒருவர் நம் வரிசையில் வந்து நின்றால், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறோம்.

ஆஸ்பத்திரி வரிசையில் முண்டுகிறவன் முன்னால் போகிறான். விலகுகிறவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். சத்தம் போடாமல் போய்விடுவதால் அவன் போனதே நமக்குத் தெரிவதில்லை. காசநோய் சிகிச்சையில் ஒரு கடுஞ்சொல், ஒரு மாத மருந்தை வீணாக்கப் போதுமானது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

நாம் வைத்த பெயர்கள்

சபையாராகிய நமக்கு ஊருக்குப் பெயர் வைக்கிற பழக்கம் நிறைய உண்டு. 1799இல் திருநெல்வேலிச் சீமையில் விசுவாசத்தினிமித்தம் துன்பப்பட்டவர்களுக்கு அடைக்கலமாக உண்டான முதல் ஊருக்கு முதலூர் என்றே பெயர். சாயர் என்னும் வணிகரின் பெயரில் சாயர்புரம். மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், நாசரேத்து. நம் பக்கத்தில் சிவகாசியை அடுத்துச் சாட்சியாபுரம் இருக்கிறது. வட திருநெல்வேலியில் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றி ஊழியம் செய்த ராக்லாந்து ஐயர் 1858இல் சிவகாசியில்தான் ஜீவனை விட்டார். சாட்சி என்ற பெயர் அந்த மண்ணுக்குப் பொருந்துகிறது.

நன்கொடையாளராகிய உங்களுக்குப் பிடித்த கதை டோனாவூர் கதையாக இருக்கும். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1820களில், பிரஷ்யாவிலிருந்து டோனா பிரபு தேவாலயம் கட்டப் பணம் அனுப்பினார். நன்றியாக ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பின்னாளில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே தங்கிப் பிள்ளைகளைக் காத்தார், ஆஸ்பத்திரியும் உண்டாயிற்று. தூர தேசத்தில் இருந்த ஒருவருடைய பணம் இங்கே இன்னும் ஓர் ஊராக நிற்கிறது.

இந்தப் பெயர்களை நான் குறை சொல்லவில்லை. துரத்தப்பட்டு, நிற்க இடமில்லாமல் வந்தவர்களுக்கு அவை ரெகொபோத் ஆயின. புதுக் கிணற்றுக்குப் புதுப் பெயர் தகும். ஆனால் ஓடைக்கரைகளில் ஏற்கெனவே கிணறு இருக்கிறது, ஏற்கெனவே பெயரும் இருக்கிறது. அங்கே நாம் பெயர் வைக்கப் போகிறவர்களல்ல, பெயரைக் கேட்கப் போகிறவர்கள். நான் எழுதின "மலை" என்ற இரண்டு எழுத்து என்ன செய்தது? கிணற்றைத் தூர்த்த பெலிஸ்தரின் வேலையைச் செய்தது. ஒரு ஜனம் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பெயரின் மேல் ஒரு கூடை மண்ணைப் போட்டது.

நம் ஆண்டவர் கதரேனருடைய நாட்டில் கல்லறைகளில் தங்கியிருந்த மனிதனைச் சந்தித்தபோது என்ன செய்தார் என்று பாருங்கள். ஊரார் அவனைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள். அவனை அடக்க ஒருவராலும் கூடவில்லை. ஆண்டவரோ உன் பேர் என்ன என்று கேட்டார். மார்க்கு எழுதினதில் அதை வாசிக்கிறோம். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் என்று யோவானில் வாசிக்கிறோம். ஆஸ்பத்திரி ஊழியமும் பெயர் கேட்கிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஸ்டெதஸ்கோப் வைக்கிற இடத்தில் அல்ல.

உங்கள் காணிக்கை செய்கிற வேலை

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்று சொல்லவே இதைச் சொல்லுகிறேன்.

இப்போது நம் சீட்டில் ஊர் என்ற கட்டத்தின் கீழ் இன்னொரு கட்டம் இருக்கிறது. அதில் அடையாளம் எழுதுகிறோம். எந்த ஓடை, எந்த மரம், எந்தத் தோப்பைத் தாண்டி, எந்தக் கோயிலுக்குக் கீழே. மலையடிவாரத்திலிருந்து வருகிறவர்களை நின்றபடி கேள்வி கேட்பதில்லை. பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம். அதற்கென்றே ஒரு சகோதரி இருக்கிறார். அவருக்குச் சம்பளம் உங்கள் காணிக்கைதான். மாத்திரை தேதி தவறினால் மறுநாளே வண்டி போகிறது. அந்த டீசலும் உங்கள் காணிக்கைதான்.

இன்னொரு வேலை உண்டு. குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் வேறொரு பெயர், ஜாதிச் சான்றிதழே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னாலும், பெயர் பொருந்தாவிட்டால் காரியம் நின்றுபோகும். நம் ஆள் ஒருவர் அவர்களோடு தாலுகா ஆபீசுக்குப் போய், நாள் முழுதும் காத்திருந்து, ஓர் எழுத்தைத் திருத்தி வாங்கிக்கொண்டு வருகிறார். கட்டடத்தைப் போல இதைப் படம் பிடித்து அனுப்ப முடியாது. ஓர் எழுத்தைத் திருத்தினதற்கு யாரும் கல் பதிக்கமாட்டார்கள். ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது.

ஆகையால் நான் உங்களிடத்தில் இரண்டு காரியம் கேட்கிறேன். நீங்கள் கொடுக்கிறதில் ஒரு பங்கு, பெயர் பொறிக்க முடியாத இந்த வேலைக்கு என்று குறித்துக் கொடுங்கள். டோனா பிரபுவின் பெயர் நிலைத்தது நல்லது. நம் பெயர் எந்த ஊருக்கும் வராமல், அவர்களுடைய ஊர்ப் பெயர் அவர்களுக்கே நிலைத்தால் அதுவும் நல்லது. இரண்டாவது, உங்கள் குடும்ப ஜெபத்தில் இந்த ஓடைக்கரைகளைப் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். மலைவாழ் மக்கள் என்று பொதுவாகச் சொல்லாமல், செண்பகத்தோப்பு, அத்திகோயில், தாணிப்பாறை என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

அந்தத் தாயார் சென்ற ஆண்டு மறுபடியும் வந்தார். இப்போது அவருக்கே கண் மங்கல். புரை எடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் சீட்டு எழுதுகிற இடத்துக்கு நானே போய் உட்கார்ந்தேன். ஒருவேளை பழைய கடனைத் தீர்க்கிற எண்ணமாக இருக்கலாம். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, உங்க ஓடைக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். சொன்னார். எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "எழுதினதைச் சொல்லுங்க சாமி" என்றார். வாசித்தேன். "அப்படி இல்லை சாமி" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சொன்னார். நான் ஓர் எழுத்தை மாற்றி எழுதி, மறுபடியும் வாசித்தேன். "இப்ப சரி" என்று தலையை ஆட்டினார்.

அவர் பின்னால் போகவில்லை. முன்னால் வந்து சீட்டை வாங்கிக்கொண்டார்.

கேரீத்து ஓடை வற்றிப்போனது என்று வேதம் சொல்லுகிறது. நம் ஓடைகளும் கோடையில் வற்றுகின்றன. எலியாவை ஓடைக்கரையில் போஷித்த தேவன், ஓடை வற்றினபோது அவரைச் சாறிபாத்துக்கு, ஏழை விதவையின் வீட்டுக்கு அனுப்பினார். ஓடை வற்றின காலத்தில் ஜனங்கள் இறங்கி வருகிற வீடாக நம் மருத்துவமனை இருக்கட்டும். அந்த வீட்டின் பானையில் மா குறையாமலும் கலயத்தில் எண்ணெய் வற்றாமலும் இருக்க, உங்கள் கைகளைத் தேவன் பயன்படுத்துவாராக.

எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்போம். ஆமென்.